எங்கள் ஹால்ட்டில் ஏறியவர்கள்

என் வீட்டுக்காரருக்கு உட்கார முடியாமல் ஆன பிறகுதான் எனக்கு ரயில் பழக்கமானது. அதற்கு முன்னால் வயலுக்கு அந்தப் பக்கம் வண்டி போவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஏறி எங்கே போக? காரோடு ஊரில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பஸ் உண்டு. சந்தைக்கு நடந்தால் போதும்.

அவர் குன்னத்துகால் பக்கத்துப் பாறைக்குவாரியில் கல் உடைத்தவர். இடுப்பு வலி என்று தொடங்கியபோது, கல் உடைக்கிறவனுக்கு இடுப்பு வலிக்காமல் வேறு என்ன வலிக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எண்ணெய் போட்டுத் தடவினேன். வைத்தியர் மருந்துக் கிழி கட்டி ஒத்தடம் வைத்தார். கடைசியில் நெய்யாற்றின்கரையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பு முடிகிற இடத்தில் கட்டி இருக்கிறது, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியைச் சுருக்க முதலில் கரண்டு, அதாவது கதிர், வைத்தார்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் சில நாள் மருந்து ஏற்றவேண்டும், ஒரு வருஷத்துக்கு மேலே ஆகும் என்றார்கள். படுக்கவைத்துக்கொள்ள இடம் கிடையாது, வந்து போகத்தான் வேண்டும். நடுவில் விட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் பேசாத பெண்பிள்ளை, கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். அதனால் இரண்டு தடவை சொன்னார்.

பஸ்ஸில் அவரால் போக முடியவில்லை. உட்கார்ந்தால் எலும்புக்குள் ஆணி இறங்குகிற மாதிரி என்பார். நின்றால் ஒவ்வொரு குழிக்கும் கால் மடங்கிவிடும். டாக்சி பிடிக்கிற வீடு இல்லை எங்களுடையது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், எங்கள் வயல் வரப்பு முடிகிற இடத்தில் ஒரு ஹால்ட் இருந்தது. ஒரு கொட்டகை, ஒரு சிமென்ட் பெஞ்சு, மலையாளத்திலும் தமிழிலும் பெயர் எழுதின பலகை. காலையில் நாகர்கோவிலிலிருந்து வரும் பாசஞ்சர் அங்கே நின்று போகும். சாயங்காலம் திரும்பி வரும்போதும் நிற்கும். வரப்பில் என் தோளைப் பிடித்துக்கொண்டு பைய நடந்தால் அவரால் அங்கே வந்துவிட முடியும். ரயில் என்றால் படுக்கலாம்.

முதல் நாள் படுக்க இடம் கேட்க எனக்கு நாக்கு எழும்பவில்லை. கதவோரம் அவரைத் தாங்கிக்கொண்டு நின்றேன். பெட்டி நிறைய உத்தியோகத்துக்குப் போகிற பெண்கள், கீரை விற்கிறவர்கள், பூ விற்கிறவர்கள். எங்கள் ஹால்ட்டிலிருந்து ஏறின டீச்சர் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். திருவனந்தபுரத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவள்.

"எந்தா சேச்சி, அண்ணனுக்குச் சுகமில்லியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"பின்னே வாயைத் தொறந்து சொல்லப்பிடாதா? பிள்ளைகளே, எழும்புங்க. ஒரு பெஞ்சு மொத்தமா வேணும்."

எழுந்துகொண்டார்கள். அவரைப் படுக்கவைத்தேன். பாறசாலையில் பூக்கூடையோடு ஏறுகிற ஓர் அக்கா தன் கூடைத் துணியை மடித்து அவர் தலைக்கு வைத்தாள். அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது. பாறசாலையிலேயே அந்த பெஞ்சை ஒழித்துப் போட்டுவிடுவார்கள். விவரம் தெரியாத யாராவது உட்கார்ந்தால் பூக்கார அக்கா விடமாட்டாள்.

"எழும்பு மக்கா. அது ஆஸ்பத்திரி அண்ணனுக்க கட்டிலாக்கும்."

"டிக்கெட் எடுத்திருக்கேன் அக்கா."

"நீ எடுத்த டிக்கெட்டுக்கு நின்னுக்கிட்டும் போவலாம்."

நாங்கள் போகாத நாளிலும் எங்கள் ஹால்ட் தாண்டும்வரை அந்த பெஞ்சில் யாரும் உட்காரமாட்டார்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் திரும்பும்போது அந்தப் பெண்கள் மடியில் பேப்பரை விரித்து ராத்திரிக் கறிக்குப் பயறு நறுக்குவார்கள், கூர்க்கன்கிழங்கு சுரண்டுவார்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் அடுப்பில் வைத்தால் போதும். எனக்குக் கதை பேசத் தெரியாது. கத்தியை வாங்கி நறுக்கிக் கொடுப்பேன். அவர் படுத்துக்கொண்டே, "இவ வீட்டிலயும் இப்படித்தான், கத்திதான் பேசும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மருந்து ஏற்றின அசதியிலும் அவர் அப்படித்தான்.

ஆனால் அந்தப் பாதை மோசமாகக் கிடந்தது. தண்டவாளம் தேய்ந்தது, அடியில் கிடந்த கட்டைகள் உளுத்தவை என்று சொல்வார்கள். வண்டி வேகமாகப் போகக்கூடாது என்று அங்கங்கே பலகை நட்டிருக்கும். தண்டவாளம் ஒட்டுகிற ஒவ்வோர் இடத்திலும் தடக் என்று ஒரு தூக்கு. அவர் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடிப்பார். ஒற்றைப் பாதை. எதிரே வண்டி வந்தால் ஒன்று நின்று மற்றதற்கு வழி விடவேண்டும். நெய்யாற்றின்கரையில் கூட்ஸ் வண்டி வருவதற்காக எங்கள் வண்டியைப் போட்டுவைப்பார்கள். வெயிலில் பெட்டி வேகும். அரிசியும் சிமென்டும் ஏற்றின பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து போய் முடிவதற்குள் அவர் சட்டை நனைந்துவிடும்.

"அரிசிக்கு உள்ள அவசரம் நமக்கில்லியா?" என்று டீச்சர் கோபப்படுவாள்.

"அரிசி வேகணும்லா. நான் இஞ்சயே வெந்தாச்சு" என்றார் அவர் ஒரு நாள்.

அதனால்தான் பாதையைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். கனத்த தண்டவாளம், அடியில் சிமென்ட் கட்டை, நிறையக் கல். கூட்ஸ் நீளமாகப் போகலாம், பாசஞ்சர் வேகமாகப் போகலாம், ஆட்டம் இருக்காது. எங்கள் வயலோரத்தில் சிமென்ட் கட்டைகளை இறக்கி அடுக்கினார்கள். அவர் வேலை பார்த்த பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரி லாரியாகக் கல் போனது. கூட வேலை செய்தவர்கள் லாரியை நிறுத்தி இறங்கி வந்து அவரைப் பார்ப்பார்கள்.

"அண்ணே, நம்ம பாறையாக்கும் ரயிலுக்கடியில போவுது."

"எனக்க முதுகை ஒடிச்ச பாறை இல்லியா. இனி எனக்கு மெத்தை போடட்டும்."

வேலை நடந்த மாதங்கள் கஷ்டமாக இருந்தன. இன்று பாசஞ்சர் இல்லை என்பார்கள், அல்லது நெய்யாற்றின்கரையோடு திருப்பிவிடுவார்கள். உத்தியோகத்துக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள். வண்டி இல்லாத அன்று எங்களால் போக முடியாது. சில தவணை மருந்து தப்பியது. டாக்டர் சத்தம் போட்டார். "பாதை சரியானதும் மருந்து முடக்கமாட்டோம் சாரே" என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். எனக்கும் அந்த நம்பிக்கைதான். இது தீர்ந்தால் போதும், இது தீர்ந்தால் போதும் என்று அந்தச் சிமென்ட் கட்டைகள் ஒவ்வொன்றும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலை முடிகிற சமயத்தில் ஒரு நாள் தண்டவாளத்தில் ஆட்கள் தள்ளிவரும் தள்ளுவண்டியில் ஓர் எஞ்சினியர் வந்து எங்கள் ஹால்ட்டில் இறங்கினார். நாங்கள் சிமென்ட் பெஞ்சில் இருந்தோம், அதாவது அவர் படுத்திருந்தார், நான் கால்மாட்டில் நின்றேன். எஞ்சினியர் நல்ல மனுஷர். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். டீச்சர் போய்ப் புதுப் பாதை எப்போது திறக்கும், நம்முடைய பிளாட்பாரத்தை உயர்த்துவீர்களா என்று மலையாளத்தில் கேட்டாள்.

எஞ்சினியர் தயங்கினார். இந்த ஹால்ட்டில் வண்டி நிற்பது சந்தேகம் என்றார். ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி நின்று புறப்படுவதற்குள் பின்னால் வருவதும் எதிரே வருவதும் தங்கிவிடும். பாதைக்கு இவ்வளவு செலவு செய்தது வேகத்துக்காகத்தான். ஆள் ஏறாத இடத்தில் நிறுத்த முடியாது.

"ஆள் ஏறல்லியா? நாங்க எல்லாரும் பின்னே யாராக்கும்?" என்றாள் டீச்சர்.

"டீச்சர் எவிடேந்து டிக்கெட் எடுக்குது?"

"எனக்கு சீசன் உண்டு."

"சீசன் எவிடேந்து?"

டீச்சர் பையிலிருந்து சீசனை எடுத்துப் பார்த்தாள், பாறசாலை என்றிருந்தது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எங்கள் ஹால்ட்டில் சீசன் டிக்கெட் கொடுக்க ஏற்பாடு இல்லை. அங்கே ரயில்வே ஆளும் கிடையாது. ஊர்க்காரர் ஒருவர்தான் கமிஷனுக்கு டிக்கெட் விற்றார். அவரைச் சின்ன ஸ்டேஷன் மாஸ்டர் என்று கேலி செய்வோம். எல்லோரும் பாறசாலையில் போய்த்தான் சீசன் எடுத்து வருவார்கள். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவது ஒரு கௌரவமும்கூட. கொட்டகையில் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவது வெளியூர் ஆள் செய்கிற காரியம். ஆக, ஹால்ட்டிலிருந்து தினமும் ஏறின நாங்கள் அத்தனை பேரும் கணக்கில் பாறசாலையில் ஏறினவர்களாக ஆகியிருந்தோம். நோயாளிக்கும் கூட வருகிறவருக்கும் உள்ள சலுகை டிக்கெட்டையும் பெரிய ஸ்டேஷனில்தான் கொடுப்பார்கள். மகள் வீட்டு மாப்பிள்ளைதான் அங்கே போய் வாங்கி வருவார். எங்களையும் யாரும் அந்த ஹால்ட்டில் எண்ணவில்லை. போதாததற்கு, ரயில்வே ஆள்கணக்கு எடுத்தது வேலை நடந்த மாதங்களில். பாதிப் பேர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த காலம் அது.

என் வீட்டுக்காரர் படுத்தபடியே கையைத் தூக்கினார்.

"சாரே, இஞ்ச பாருங்க. நான் ஆளில்லியா?"

எஞ்சினியர் கிட்டே வந்தார். என்ன சுகக்கேடு என்று கேட்டார். கேட்டுவிட்டு, "அண்ணன் ஏறுது எனக்கு மனசிலாயி. பேப்பர்ல இல்லல்லோ" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகமும் நன்றாக இல்லை.

தள்ளுவண்டி போனதும் சின்ன ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஓய், நீரு இத நேரத்தே சொல்லப்பிடாதா?"

"என்னத்த சொல்ல? டிக்கெட் எடுங்க, டிக்கெட் எடுங்கன்னு நான் கத்தினா, கமிஷனுக்காக்கும் இவன் கத்துதான்னு சொல்லுவிய. சொன்னிய இல்லியா?"

சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் முதல், சீசன் கையில் இருந்தாலும் ஹால்ட்டில் ஒரு டிக்கெட் எடுக்கவேண்டும் என்று டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எடுத்தார்கள். எங்கும் போகாதவர்களும் எடுத்தார்கள். சாயாக்கடைக்காரர் கடையைத் திறக்குமுன் வந்து நெய்யாற்றின்கரைக்கு ஒன்று வாங்கிவிட்டுப் போவார். மாட்டை வயலில் கட்ட வந்தவள் திருவனந்தபுரத்துக்கு வாங்கினாள். "மாட்டுக்கு வேண்டாமா?" என்று கேலி. ஒரு கல்யாண வீடு மாதிரி இருந்தது கொட்டகை. என் வீட்டுக்காரருக்கு அன்று ஆஸ்பத்திரி இல்லை, வீட்டில் படுத்திருந்தார். நான் புல்லுக்கு வரப்புப் பக்கம் போகிறேன் என்றதும், "எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வா பிள்ளே" என்றார்.

"உங்களுக்குச் சலுகை உண்டே."

"அது பாறசாலைக்காரனுக்க கணக்கு. இஞ்ச ஏறினதுல ஒரு ஆள் நான்னு இருக்கட்டும்."

நான் போய் நின்றேன். கேட்க வாய் வரவில்லை. நான் கேட்காமலே சின்ன ஸ்டேஷன் மாஸ்டர் ஒன்றை நீட்டினார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, டிக்கெட் தீர்ந்துபோனது. அந்த மனுஷர் தன் கைக்காசைக் கட்டிப் பெரிய ஸ்டேஷனில் முன்கூட்டியே வாங்கிவைத்துத்தான் விற்கவேண்டும். இப்படி விற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த கட்டு வாங்க அலைந்தார். அங்கே, கொஞ்சம் பொறு, அந்த ஹால்ட் விஷயம் முடிவாகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்கள் காசைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். எனக்கு அன்றே மனசு விழுந்துவிட்டது.

புதுப் பாதையில் வண்டி நேரம் மாறியது. மாறின நேரத்தில் எங்கள் ஹால்ட் இல்லை. இனி வண்டி நிற்காது என்று கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைத்துவிட்டு சின்ன ஸ்டேஷன் மாஸ்டர் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அடுத்த மருந்துத் தவணை வந்தது. போகவேண்டாம், வண்டி நிற்காது என்றேன். அவர் கேட்கவில்லை.

"எழுதி வச்சிருப்பான். டிரைவர் மனுஷன்தானே. ஆள் நிக்குதத கண்டா நிறுத்துவான்."

வேட்டி மாற்றிவிட்டேன். வரப்பில் முன்னைவிட அதிக நேரம் ஆனது. டீச்சரும் வேறு சிலரும் அங்கே நின்றிருந்தார்கள், அவர்களுக்கும் அதே நினைப்புதான். அவர் உட்காரவில்லை, படுக்கவும் இல்லை. படுத்திருந்தால் டிரைவருக்குத் தெரியாது என்று சொல்லி, ஒரு கையால் கொட்டகைத் தூணையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி வந்தது. முன்பெல்லாம் வளைவில் வரும்போதே தடதடவென்று கேட்கும். இப்போது சத்தம் இல்லை, திடீரென்று எஞ்சின் தெரிந்தது. அவர் என் தோளிலிருந்து கையை எடுத்து, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி நீட்டினார்.

நிற்கவில்லை. ஆரன் அடித்துக்கொண்டு போனது. காற்றில் அவர் சாய்ந்தார், நானும் டீச்சரும் பிடித்துக்கொண்டோம். பூக்கார அக்கா கதவைப் பிடித்துத் தலையை நீட்டி என்னவோ கத்தினாள், கேட்கவில்லை. ஆனால் ஜன்னல் வழியே நான் பார்த்தேன். அந்த பெஞ்சு காலியாக இருந்தது. நிற்காது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் ஒழித்துப் போட்டிருந்தார்கள்.

பாறசாலை ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் கொண்டுபோகப் பார்த்தோம். பின்சீட்டில் மடங்கிப் படுத்தார், தலை என் மடியில். ரோடு உடைந்து கிடந்தது. பாதி வழியில் நிறுத்தச் சொல்லி, ஒரு கடை வராந்தாவில் கிடத்தச் சொன்னார். அங்கேயிருந்து வீட்டுக்குத்தான் திரும்பினோம். அடுத்த தவணைக்கு டீச்சர் தெரிந்தவர்களிடம் சொல்லி ஒரு ஜீப் ஏற்பாடு செய்தாள். போனோம், மருந்தும் ஏற்றினார்கள். திரும்பி வந்து ஜீப்பிலிருந்து இறக்கும்போது அவருக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு கால் இரண்டும் அசையவே சிரமமாகிவிட்டது. ஜீப் இனி வேண்டாம் என்றார்.

"அப்போ மருந்து?"

"டீச்சர் மனு போட்டிருக்கால்லா. அடுத்த மாசம் வண்டி நிக்கும். ரயில்ல போவலாம்."

"நிக்கல்லேன்னா?"

"நீ எப்பவாவது பேசுதவ. பேசும்போது இப்படியா பேசுதது?"

நான் எழுந்து அடுப்புப் பக்கம் போனேன்.

டீச்சர் அந்த மனுவோடு பல ஆபீசுக்கு நடந்தாள். பார்க்கலாம் என்றார்கள், பரிசீலிப்போம் என்றார்கள். யாரும் அவளை விரட்டவில்லை. மாதம் ஒன்று போனது, இன்னொன்று போனது. அவர் ஜன்னலோரம் கட்டிலில் கிடந்தார். வயலுக்கு அந்தப் பக்கம் காலை வண்டி போகும்போது தலையைத் திருப்பிக் காது கொடுப்பார். கூட்ஸ் வண்டிகள் முன்னைவிட நீளமாகப் போயின, முன்னைவிட அடிக்கடி போயின. "நல்ல பணியாக்கும் செய்திருக்கான், ஆட்டமே இல்ல. இதுல படுத்துப் போனா உறங்கிரலாம்" என்பார். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வைகாசியில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அவர் போனார். வீட்டுக்குப் பின்னால் எங்கள் பறம்புத் தோட்டத்திலேயே அடக்கினோம். குவாரி ஆட்கள் வந்து குழி வெட்டினார்கள். டீச்சர் அழுதாள். எனக்கு ஆட்கள் முன்னால் அழவும் வரவில்லை.

எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து எனக்கு ஒரு நினைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு நாள் குறித்து வைத்திருப்பார்களே, அந்த மருந்தும் அந்தக் கட்டிலும் வேறு ஒருவருக்குப் போகட்டுமே, போய்ச் சொல்லவேண்டாமா? மகள், எதற்கு அம்மா, அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் ஏறி, நெய்யாற்றின்கரையில் மாறி, தனியாகப் போனேன். அவ்வளவு தூரம் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. அங்கே சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வரிசையில் நின்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் அட்டையை நீட்டினேன். அவர் இறந்துபோனார், இனி வரமாட்டார், அதைச் சொல்ல வந்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் சின்னப் பெண். அட்டையை வாங்கிப் பார்த்து, ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டினாள்.

"இந்தப் பேரு முன்னமே வெட்டியதாணு அம்மச்சி. தொடர்ந்து வராத ஆளுக்க பேரு நாங்க வெட்டிருவோம். வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு. சங்கடப்படாதீங்க."

"எப்போ வெட்டினது?"

அவள் மாதத்தைச் சொன்னாள்.

அந்த மாதம் அவர் உயிரோடு இருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கி, அடுத்த மாதம் வண்டி நிற்கும், வெள்ளை வேட்டியைத் துவைத்து வை என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் துவைத்து வைத்திருந்தேன்.

அட்டையை வாங்கிக்கொண்டு ஓரமாக விலகினேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது.